காயம்பட்டவரைத் தூக்கியவர்கள்: சேலம் பக்கத்திலிருந்து மூன்று பேர்

அஸ்தம்பட்டி:
ஏற்காடு மலைப்பாதை, 14-வது வளைவு. பைக் சறுக்கி ஒரு பையன் பாறைச் சரிவில் கிடந்தான், தொடை எலும்பு முறிந்திருந்தது. எங்கள் பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். ராணுவ மருத்துவப் பிரிவில் ஆம்புலன்ஸ் அசிஸ்டென்டாக இருந்தவராம். உடைந்த காலை நல்ல காலோடு சேர்த்துத் துண்டால் கட்டினார். கம்பளியை இரண்டு ஓரமும் உருட்டி நாலு பேர் கையில் கொடுத்தார். நாங்கள் கால் ஒத்து நடந்தோம், பையன் அலறினான். "கால் சேர்க்காதீங்க தம்பி, படுத்திருக்கவன் தொட்டில் மாதிரி ஆடுவான். முன்னாடி இடது வச்சா பின்னாடி வலது வைங்க." மாற்றி வைத்தோம். ஆட்டம் குறைந்தது, அலறலும் குறைந்தது.

1999 கார்கில் போரில் திராஸ் பக்கம் காயம்பட்ட வீரர்களை அந்தப் பெரியவர் தூக்கியிருக்கிறார். பகலில் குண்டு விழும் என்று ராத்திரியில்தான் இறக்குவார்களாம். "கீழே ஒப்படைச்சிட்டா அப்புறம் பிழைச்சானான்னு தெரியாது தம்பி. இவனையாவது விசாரிச்சுச் சொல்லுங்க" என்றார். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன், பையனை வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். பெரியவர் நம்பரையும் நான் வாங்கவில்லை.

நாகலூர்:
பொதுவாக ஏற்றத்தில் தலைதான் முன்னால் போகணும். நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே? ரோடு வராத காலத்தில் எங்கள் அத்தையை மூங்கிலில் தூளி கட்டித்தான் இறக்கினார்கள். தூக்கிய மாமாவின் தோளில் காய்ப்பு ஏறிக் கிடந்தது, அதுதான் ஞாபகம். பைக்கில் போகிறவர்கள் கேளுங்கள். அடிபட்டவர் மூச்சுவிட முடிகிறது என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். கழுத்திலோ முதுகிலோ அடி என்றால், தீயோ வேறு ஆபத்தோ இல்லாதவரை அசைக்கவே வேண்டாம். 108-க்குப் பேசும்போது "மலைப்பாதை" என்று மட்டும் சொன்னால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? மொத்தம் 20 வளைவு, எந்த வளைவு என்று எண்ணைச் சொல்லுங்கள். ஒருவர் ரோட்டில் நின்று கை காட்டுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை:
நாகலூர் அண்ணா, அந்தச் சரிவில் தூக்காமல் என்ன செய்வது? தூக்கத் தெரிந்தவர் ராணுவத்திலிருந்துதான் வரணும் என்றும் இல்லை. 1899-ல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில், காயம்பட்டவர்களைத் தூக்க காந்தி திரட்டிய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். அதில் 800 பேர் அங்கே நேட்டால் பகுதியில் இருந்த ஒப்பந்தக் கூலிகள். நம் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறியவர்கள் அதில் ஏராளம். ஸ்பியன் கோப் மலைச் சண்டையில் குண்டு விழும் இடத்துக்குள்ளேயே போய்த் தூக்கினார்கள். சில நாள் 20, 25 மைல் நடை.

எனக்கு மறக்காதது கொண்டலாம்பட்டி பைபாஸ். அடிபட்டவரை வண்டியில் ஏற்றிய ஆம்புலன்ஸ் தம்பி, "அண்ணா, அவர் செருப்பு ஒண்ணு அங்கேயே கிடக்கு, நாளைக்கு எழுந்தா தேடுவார்" என்றார். எடுக்க ஓடினேன். திரும்புவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. செருப்பு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.