லாஸ்பேட்டையிலிருந்து பலாலிக்குச் சிறு விமானத்தில் பறக்க என்னென்ன வேண்டும்?

மஞ்சக்குப்பத்தான்:
அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் தனியார் விமானி உரிமம் வைத்திருக்கும் என் அண்ணன் மகன், அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் நடக்கும் உறவினர் திருமணத்துக்கு, நண்பர் ஒருவரின் செஸ்னா 172 விமானத்தைப் புதுச்சேரி லாஸ்பேட்டையில் கிளப்பி நேரே அங்குள்ள பலாலி விமான நிலையத்தில் இறக்க விரும்புகிறான். அது வி.டி. எழுத்துகளில் தொடங்கும் இந்தியப் பதிவு விமானம். வரைபடத்தில் விரற்கடைத் தூரம்தான். இதில் என்ன தடை இருக்கும்?

லாஸ்பேட்டைவாசி:
ஐயா, தூரம் சுமார் 240 கிலோமீட்டர்தான். ஆனால் லாஸ்பேட்டையில் சுங்கச் சோதனையும் குடியேற்றச் சோதனையும் கிடையாது என்பதால், முதலில் திருச்சிக்கோ சென்னைக்கோ பறந்து, கடவுச்சீட்டில் முத்திரை பெற்ற பிறகே கடல் தாண்ட இயலும்.

அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை உரிமம். 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 32ஆம் பிரிவுப்படி, பன்னாட்டுப் பயணத்தில் விமானத்தைச் செலுத்துபவரின் உரிமம், அந்த விமானம் பதிவான நாடு வழங்கியதாகவோ ஏற்றுக்கொண்டதாகவோ இருக்க வேண்டும். ஆகவே, அவருடைய அமெரிக்க உரிமத்தை, நம் நாட்டு விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. அமைப்பில் இந்திய உரிமமாக மாற்றிக்கொள்ளாமல், இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுவதே வீண். பதிவுச் சான்றிதழ், பறக்கும் தகுதிச் சான்றிதழ், வானொலிக் கருவி உரிமம், பயணக் குறிப்பேடு, பயணிகள் பட்டியல் ஆகியவையும் விமானத்திலேயே இருக்க வேண்டும்.

முதுநகர்க்காரன்:
கருவிகளைப் பற்றி நான் சொல்கிறேன். கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் கரைவரை ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வெறுங்கடல். ஒற்றை எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோனால், பத்தாயிரம் அடி உயரத்தில் பறந்தாலொழிய எந்தக் கரைக்கும் சறுக்கிப் போய்ச் சேர முடியாது. அதனால் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி கட்டாயம். இருக்கைக்கு அடியில் வைக்காமல் கிளம்பும்போதே அணிந்துகொள்ளுங்கள். ஆனால் வெளியே வந்த பிறகுதான் அதை ஊத வேண்டும், உள்ளேயே ஊதிவிட்டால் நீர் புகும்போது அது உங்களைக் கூரையோடு அழுத்திவிடும். அபாய அறிவிப்புக் கருவி 406 மெகாஹெர்ட்ஸ் வகையாக இருக்கட்டும், ஏனெனில் பழைய 121.5 அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரியோடு கண்காணிப்பதை நிறுத்திவிட்டன. அவசரத்துக்கு உதவும் என்று அமெரிக்காவிலிருந்து செயற்கைக்கோள் தொலைபேசி எதையும் எடுத்துவரச் சொல்லாதீர்கள். நம் நாட்டில் முன்அனுமதியின்றி அதை வைத்திருந்தால் கைதாக நேரும்.

லாஸ்பேட்டைவாசி:
ஒன்றை விட்டுவிட்டேன். காப்பீட்டுப் பத்திரத்தில் எந்தெந்த நாடுகள் அடங்கும் என்று பாருங்கள். திரும்பி வருவதற்கான பெட்ரோல் பலாலியில் கிடைக்குமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய நிலையங்கள் பலவற்றில் ஜெட் எரிபொருள்தான் இருக்கும், அது இந்த எஞ்சினுக்கு ஆகாது.

மஞ்சக்குப்பத்தான்:
மிக்க நன்றி. நண்பரின் பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். இந்திய எல்லைக்குள் மட்டும் என்று எழுதியிருக்கிறது. திருமணத்துக்குச் சென்னையில் பயணிகள் விமானம் ஏறச் சொல்லிவிட்டேன். உரிம மாற்றத்துக்கான தேர்வுக்கு அவன் படிக்கத் தொடங்கியிருக்கிறான்.