ஹட்டனிலிருந்து கோவைக்கு: மாமாவின் மருத்துவ விசா

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி எங்கள் குடும்பம் இலங்கை மலையகத்தை விட்டு மேட்டுப்பாளையத்துக்கு வந்தபோது, மணமாகியிருந்த அத்தை மட்டும் ஹட்டனிலேயே தங்கிவிட்டார். 2019இல் அவருடைய கணவருக்கு இதய வால்வு மாற்ற வேண்டும் என்றானதும், கோவையில் செய்துகொள்ளலாம், பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம் என்று அழைத்தவன் நான். விசா வேலையும் என் பொறுப்பாயிற்று.

இலங்கைக் குடிமக்கள் இந்தியாவின் மின்-மருத்துவ விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கடவுச்சீட்டின் விவரப் பக்கம், வெள்ளைப் பின்னணியில் எடுத்த படம், மருத்துவமனை தன் லெட்டர்பேடில் தரும் கடிதம் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். அந்தக் கடிதத்தில்தான் நாங்கள் இடறினோம். நம் வழக்கப்படி மாமாவின் பெயரை நான் தலைப்பெழுத்தோடு சொல்ல, மருத்துவமனையிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். கடவுச்சீட்டிலோ அவருடைய தகப்பனார் பெயர் முழுதாக இருந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் குறிப்பிடவில்லை, ஆனால் வேறு பிழை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. கட்டிய கட்டணம் திரும்ப வராது என்பதைவிட, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் மனிதருக்கு நாட்கள் வீணானதுதான் என்னை வதைத்தது. "பேரு எப்படி எழுதினா என்ன தம்பி, ஆளு ஒரே ஆளுதானே" என்று அத்தை தொலைபேசியில் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

இரண்டாம் முறை கடவுச்சீட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக் கடிதம் வாங்கினேன். விசா கிடைத்தது. உடன் வருபவருக்கான விசாவில் நோயாளியின் விவரங்களையும் கேட்கிறார்கள் என்பதால் அத்தைக்கு அதன்பிறகே விண்ணப்பித்தோம். ஒரு நோயாளியோடு இருவர் வரை வரலாம்.

கொழும்பிலிருந்து திருச்சியில் இறங்கி, கைரேகை பதிந்து, கரூர் வழியாகக் காரில் வந்து சேர்ந்தார்கள். வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைப்பவர், அதை அரசுக்குத் தெரிவிக்கும் சி படிவத்தை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும் என்று அப்போது இருந்த விதி எனக்குத் தெரியாது. சொந்த அத்தையை வெளிநாட்டவர் என்று நினைக்க மனம் எப்படி வரும்? மருத்துவமனை ஊழியர் ஒருவர் நினைவூட்டியதால் அன்றிரவே பதிந்தேன்.

அந்த விசா முதல் வருகையிலிருந்து 60 நாட்களுக்குச் செல்லும். மூன்று வாரம் போதும் என்று எண்ணியிருந்தோம். ஆனால் சொத்தைப் பல் இருந்தால் அந்தக் கிருமி புதிய வால்வைத் தாக்கக்கூடும் என்று முதலில் இரண்டு பற்களைப் பிடுங்கி ஆறவிட்டார்கள். அறுவைக்குப் பிறகு, இரத்தம் உறையாதிருக்கத் தரும் மாத்திரையின் அளவு ஒரு நிலைக்கு வரும்வரை அடிக்கடி இரத்தம் பார்த்தார்கள். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க மருத்துவமனைக் கடிதத்தைத் தயாராக வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. 52ஆம் நாள், எங்கள் வீட்டு மாடிப்படியைத் தானே ஏறிப் பார்த்துவிட்டு, மாமா திருச்சிக்குக் கிளம்பினார்.