அப்பாயி காம்பராவுக்கு எந்தக் கேமரா?

குழு: மேட்டு லயம் நம்ம குடும்பம்

வெள்ளி

பாப்பா, இரவு 7:12
எல்லோருக்கும் வணக்கம். இந்த மாதம் சீட்டு எனக்கு விழுந்துவிட்டது. இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த கேமராவை வாங்கப் போகிறேன். தை பிறந்ததும் புது வீட்டுக்குப் போகிறோம், அப்புறம் நாம் இருக்கும் இந்தத் தோட்டத்து வரிசை வீடுகளை, இந்த லயத்தை, இடித்துவிடுவார்கள். அதற்குள் அப்பாயியையும் அவர் இருக்கும் இந்த அறையையும், இந்தக் காம்பராவையும், ஒழுங்காகப் படம் எடுத்து வைக்க வேண்டும். தேடித் தேடி இரண்டில் வந்து நிற்கிறேன். ஒன்று ரிக்கோ ஜிஆர் 3, மற்றது ஃபூஜிஃபிலிம் எக்ஸ்100வி. இரண்டிலும் லென்ஸைக் கழற்ற முடியாது, ஜூமும் கிடையாது. சித்தப்பா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பெரியப்பா, 7:15
நல்ல காரியம் பாப்பா. ஆனால் ஜூம் இல்லாத கேமராவுக்கு இவ்வளவு காசா? போனிலேயே ஜூம் இருக்கிறதே.

சித்தப்பா (ஹட்டன்), 7:31
அண்ணன், ஜூமை விட்டுக்கொடுத்ததால்தான் அந்தச் சின்ன உடம்புக்குள், படத்தைப் பதியும் சென்சரைப் பெரிதாக வைக்க முடிகிறது. இரண்டிலும் ஏபிஎஸ்-சி சென்சர், ஏறக்குறைய 24க்கு 16 மில்லிமீட்டர். போன் சென்சரைவிடப் பல மடங்கு பெரியது. இருட்டுக் காம்பராவில் நம் அம்மாவின் முகத்தை எடுத்துப் பெரிதாக பிரிண்ட் போட்டால் உங்களுக்கே தெரியும்.

சித்தப்பா (ஹட்டன்), 7:38
பாப்பா, என் மனம் எக்ஸ்100வி பக்கம்தான் போகிறது. அதன் லென்ஸ் எஃப் 2 வரை திறக்கும். ஜிஆர் 3 எஃப் 2.8 வரைதான். இந்த எண் சிறுக்கச் சிறுக்க லென்ஸின் வாய் பெரிதாகும். அதாவது ஃபூஜியில் இரண்டு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் இருக்கிறது. கண்ணாடி வழியாகவும் பார்க்கலாம், உள்ளே இருக்கும் சின்னத் திரையிலும் பார்க்கலாம். ஜிஆரில் அது இல்லை, பின்னால் உள்ள திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். உச்சி வெயிலில் அந்தத் திரை சரியாகத் தெரியாது. ஸ்டூடியோவில் இத்தனை வருடம் கண்ணை கேமராவில் ஒட்டி நின்றவன் நான். கேமரா முகத்தோடு ஒட்டியிருந்தால் கையும் ஆடாது.

அண்ணன் (கொழும்பு), 7:50
நான் இங்கே இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தேன் பாப்பா. ஜிஆர் பாட்டரியோடு 257 கிராம், ஸ்வெட்டர் பாக்கெட்டில் போட்டால் இருப்பதே தெரியவில்லை. ஃபூஜி 478 கிராம், கழுத்தில்தான் தொங்கவிட வேண்டும். அழகு என்று பார்த்தால் ஃபூஜிதான், பழைய ஃபிலிம் கேமரா மாதிரி இருக்கிறது. அந்த அழகே அதன் விலையையும் ஏற்றிவிட்டது. 2020இல் வந்த மாடல் அது. 2022க்குப் பிறகு இளம் பிள்ளைகள் எல்லோரும் அதைக் கேட்கத் தொடங்கி, பாவித்த கேமரா புதியதைவிட அதிக விலைக்குப் போன காலமும் இருந்தது. இப்போது அடுத்த மாடல் வந்துவிட்டதால் இதைச் செய்வதில்லை. கிடைப்பது பாவித்ததுதான், நான் பார்த்ததற்கு ஜிஆரைவிட நிறையவே கேட்கிறார்கள்.

அம்மா, 8:24
இப்போதுதான் சமையல் முடிந்து போனைப் பார்க்கிறேன். எனக்கு லென்ஸ் பற்றித் தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். சுற்றுலா வருகிறவர்கள் பெரிய கேமராவோடு மலைக்கு வந்து நின்றால், நாங்கள் எல்லோரும் கொழுந்து பறிப்பதை நிறுத்தி, முந்தானையைச் சரிசெய்து, சிரித்துக்கொண்டு நிற்போம். அது எங்கள் முகம் இல்லை. நீ எடுக்கும்போது அப்படி ஆகக் கூடாது. எது சின்னதோ அதைப் பார்.

பாப்பா, 8:27
அதுதான் அம்மா எனக்கும் யோசனை.

அத்தை (பண்டாரவளை), 8:40
மழையைப் பற்றி யாரும் பேசவில்லையே. இங்கே ஆடியில் வெயிலும் காய்ந்த காற்றும்தான், கேமராவுக்குத் தூசி மட்டும்தான் பயம். உங்கள் மஸ்கெலியா அப்படியா? இப்போது அங்கே துணி காய ஒரு கிழமை ஆகுமே.

சித்தப்பா (ஹட்டன்), 9:05
அக்கா சரியான இடத்தில் கை வைத்தீர்கள். இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பாப்பா பொறுமையாகப் படிக்கட்டும்.

ஜிஆர் 3க்கு மழைக்காப்பு இல்லை. எக்ஸ்100வி மழையைத் தாங்கும் என்பார்கள், ஆனால் அப்படியே தாங்காது. லென்ஸுக்கு முன்னால் ஒரு வளையமும் 49 மில்லிமீட்டர் ஃபில்டரும் போட்டால்தான் முன்பக்கம் மூடும். அதையும் தனியாக வாங்க வேண்டும்.

மழையைவிட நம் பக்கத்தில் பெரிய எதிரி ஈரம்தான். லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்தால் சிலந்தி வலை மாதிரி படரும். கழற்றும் லென்ஸ் என்றால் அதை ஒதுக்கி வைத்து வேறு லென்ஸைப் போடலாம். இந்த இரண்டிலும் அது முடியாது, முழு கேமராவையும் பிரிக்க வேண்டும். நான் ஒரு முறை தெரிந்த ஒருவரிடம் பாவித்த கேமரா வாங்கி, வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் உள்ளே பூஞ்சணம் இருப்பதைக் கண்டேன். அன்றைக்கு வயிறு எரிந்தது இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே எதை வாங்கினாலும் இறுக்கமாக மூடும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் அதே நாளில் வாங்க வேண்டும். தோல் பைக்குள் மாதக்கணக்கில் வைத்துவிடாதே.

பனியில் நின்றுவிட்டு அடுப்படிக்குள் நுழையும்போது கேமராவை உடனே வெளியே எடுக்காதே. பையை மூடியபடியே அரை மணி நேரம் விடு. இல்லாவிட்டால் கண்ணாடியில் வியர்த்துவிடும்.

தூசியில் ஜிஆர் கொஞ்சம் பலவீனம்தான். ஆன் செய்தால் லென்ஸ் வெளியே நீளும், அணைத்தால் உள்ளே போகும். அந்தப் போக்குவரத்தில் தூசி உள்ளே போய் சென்சரில் உட்கார்ந்துவிட்டதாகப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குள் கொண்டு போகாதே.

பாப்பா, 9:12
பனிமூட்டத்தில் ஃபோகஸ் பிடிக்குமா சித்தப்பா? போன் அங்கும் இங்கும் தேடிக்கொண்டே இருக்கிறது.

சித்தப்பா (ஹட்டன்), 9:20
மூட்டத்தில் எந்தக் கேமராவும் தடுமாறும், பிடித்துக்கொள்ள ஒரு கோடு வேண்டுமே. அங்கே ஜிஆர் கெட்டி. அதில் ஸ்னாப் ஃபோகஸ் என்று ஒன்று இருக்கிறது. இரண்டரை மீட்டர் என்று முன்கூட்டியே வைத்து, எஃப் 8இல் பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தினால் தேடாமல் எடுத்துவிடும். ஏறக்குறைய நாலு அடியிலிருந்து தூரத்து மலை வரை தெளிவாக இருக்கும். ஃபூஜியிலும் கையால் ஃபோகஸ் வைக்கலாம், ஆனால் இந்த வேகம் வராது.

அம்மா, 9:26
மழை ஊற்றும்போது மலைக்கு வராதே. நாங்களே படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்போம். கொழுந்து நிறுக்கும்போது மடுவத்துக்கு வா, கூரை இருக்கிறது. எல்லோர் கண்ணும் தராசில்தான் இருக்கும், உன்னைப் பார்க்க மாட்டார்கள்.

சித்தப்பா (ஹட்டன்), 9:28
அண்ணி சொன்னது நூறு பங்கு சரி.

சனி

சித்தப்பா (ஹட்டன்), காலை 6:50
பாப்பா, இரவு யோசித்துப் பார்த்தேன். நான் என் பழக்கத்தை வைத்துப் பேசிவிட்டேன். நீ எடுக்கப் போவது ஸ்டூடியோவில் இல்லையே. காம்பராவை டேப் வைத்து அளந்து சொல்.

பாப்பா, 7:35
12 அடி நீளம், 10 அடி அகலம் சித்தப்பா. நீளச் சுவர் பக்கம்தான் அப்பாயியின் கட்டில்.

சித்தப்பா (ஹட்டன்), 7:52
சரி. முதுகை எதிர்ச் சுவரில் ஒட்டி நின்றாலும் கேமராவுக்கும் கட்டில் பக்கத்துச் சுவருக்கும் 9 அடிதான் கிடைக்கும். 9ஐ, பழைய ஃபிலிம் சட்டத்தின் அகலமான 36ஆல் பெருக்கி, லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணால் வகுத்தால் எத்தனை அடிச் சுவர் படத்தில் விழும் என்று தெரியும். ஜிஆர் 28 மில்லிமீட்டர் பார்வை, பதினொன்றரை அடி வருகிறது. ஃபூஜி 35, ஒன்பதே கால் அடிதான். உன் சுவரோ 12 அடி. அதற்கு மேல் பின்னால் போக நமக்கு இடமில்லை.

கணக்கை நம்பாதே, எடுத்துப் பார். போனில் 1 என்று காட்டுவது பெரும்பாலும் 24 அல்லது 26 மில்லிமீட்டர் பார்வை. 1.1 வைத்தால் ஏறக்குறைய ஜிஆர், 1.4 வைத்தால் ஏறக்குறைய ஃபூஜி. ஒரே இடத்தில் நின்று அப்பாயியை இரண்டு விதமாகவும் எடுத்து இங்கே போடு.

பாப்பா, 10:14
(படம்) இது 1.1.

பாப்பா, 10:14
(படம்) இது 1.4. அப்பாயியை அசைய வேண்டாம் என்று சொன்னேன், வெற்றிலை இடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

அத்தை (பண்டாரவளை), 10:20
இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது. அம்மாவின் முகமும் கையும் எவ்வளவு கிட்ட இருக்கின்றன. முதலாவதில் சாமான்தான் நிறையத் தெரிகிறது.

அண்ணன் (கொழும்பு), 10:22
எனக்கும் இரண்டாவது.

பெரியப்பா, 10:41
முதலாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கதவு நிலைக்கு மேலே அப்பா தேயிலைச் செடி வெட்டிய கவ்வாத்துக் கத்தி தொங்குகிறது. அவர் போன பிறகு யாரும் அதை இறக்கவில்லை. இந்தப் பக்கம் சாமித் தட்டு, அதற்குக் கீழே அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த தகரப் பெட்டி. இரண்டாவது படத்தில் கத்தியும் இல்லை, பெட்டியும் இல்லை. அம்மாவின் முகத்தைப் புது வீட்டிலும் எடுக்கலாம். இந்தச் சுவரை அங்கே எடுக்க முடியாது.

அத்தை (பண்டாரவளை), 10:47
அண்ணன், அந்தக் கத்தி அங்கே இருப்பதையே நான் மறந்துவிட்டேன்.

சித்தப்பா (ஹட்டன்), 11:03
நானும்தான் அக்கா.

பாப்பா, ஜிஆர் 3 வாங்கு. நான் எக்ஸ்100வி என்று சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்.

வெளிச்சம் குறைவு என்று பயப்படாதே. அதில் சென்சரையே அசைத்துக் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது, எக்ஸ்100வியில் அது இல்லை. அம்மா அமைதியாக உட்கார்ந்திருந்தால் எட்டில் ஒரு செக்கன் கூடக் கையில் பிடித்து எடுக்கலாம். இடிக்கும் உரல் மட்டும் கொஞ்சம் கலங்கும், அது அழகாகவே இருக்கும்.

முகம் எடுக்கும்போது ஒன்றைக் கவனி. 28இல் முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கிட்டப் போனால் மூக்கு பெரிதாகிக் காது சிறுத்துவிடும். நாலைந்து அடி தள்ளியே நின்று, கேமராவிலேயே 35 அளவுக்கு வெட்டும் வசதியைப் பாவி. 24 மெகாபிக்சல் 15 ஆகக் குறையும், அதில் 12க்கு 18 அங்குல பிரிண்ட் தாராளமாகப் போடலாம். அக்கா கேட்கும் படமும் கிடைத்துவிடும்.

அண்ணன் (கொழும்பு), 11:10
சித்தப்பா, மாசியில் காமன் கூத்துக்கு லீவு போட்டு வருகிறேன். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் ஆடுவதை ஜிஆர் எடுக்குமா?

சித்தப்பா (ஹட்டன்), 11:16
அங்கே ஃபூஜிதான் மேல், மறைக்க மாட்டேன். நடுக்கத்தைத் தடுக்கும் வசதி நம் கையைத்தான் நிறுத்தும், ஆடுகிறவரின் காலை நிறுத்தாது. அந்த ஒரு இரவுக்கு என் பழைய கேமராவையும் எஃப் 1.8 லென்ஸையும் கொண்டு வருகிறேன். பாப்பா அதில் எடுக்கட்டும்.

பெரியப்பா, 11:20
தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் மடிப்பு மடிப்பாகக் கிழிகிறது. அதையும் இதில் படம் எடுக்கலாமா?

பாப்பா, 11:22
எடுக்கலாம் பெரியப்பா. மேக்ரோ பொத்தான் இருக்கிறது, 6 சென்டிமீட்டர் வரை கிட்டப் போகலாம். எழுத்து எழுத்தாக எடுத்துத் தருகிறேன்.

பெரியப்பா, 11:25
அப்படியானால் கூடுதல் பாட்டரிக்கு நான் காசு தருகிறேன்.

சித்தப்பா (ஹட்டன்), 11:31
கட்டாயம் வேண்டும் அண்ணன். ஒரு சார்ஜுக்கு ஏறக்குறைய 200 படம்தான் என்று கம்பனியே சொல்கிறது. ஃபூஜியில் 350க்கு மேல் போகும். இரண்டு பாட்டரி கூடுதலாக இருந்தால் ஒரு நாள் ஓடும். பவர் பேங்கிலும் சார்ஜ் பண்ணலாம், கரண்ட் போனாலும் பயமில்லை.

தம்பி, நீ கொழும்பில் பாவித்ததைப் பார்த்தால் பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது: ஃபோகஸைத் தூரத்தில் வைத்து, எஃப் 16இல் வெள்ளைச் சுவரைப் படம் எடு. பெரிதாக்கிப் பார், கறுப்புப் புள்ளி இருந்தால் சென்சரில் தூசி. பத்துத் தடவை ஆன் பண்ணி அணை, லென்ஸ் தடுமாறாமல் போய் வர வேண்டும். டார்ச் அடித்து லென்ஸுக்குள் பார். பின்னால் இருக்கும் சக்கரத்தையும் சுழற்றிப் பார்.

செவ்வாய்

அண்ணன் (கொழும்பு), மாலை 5:48
(படம்) வெள்ளைச் சுவர், எஃப் 16. சித்தப்பா, மூலைகளையும் பாருங்கள்.

சித்தப்பா (ஹட்டன்), 5:59
சுத்தமாக இருக்கிறது. டார்ச் அடித்தாயா?

அண்ணன் (கொழும்பு), 6:01
அடித்தேன், உள்ளே ஒன்றும் இல்லை. சக்கரமும் சரி. பெட்டி, பில் எல்லாம் வைத்திருக்கிறார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

பாப்பா, 6:02
அண்ணா, மீதிக் காசை இன்று இரவே போட்டுவிடுகிறேன். சிலிக்கா ஜெல்லை மறந்துவிடாதீர்கள்.

அண்ணன் (கொழும்பு), 6:04
அதுவும் பெட்டியும் வாங்கியாயிற்று. வெள்ளி இரவு பஸ்ஸில் வருகிறேன்.

பெரியப்பா, 6:10
நான் வரும்வரை காம்பராவில் எந்தச் சாமானையும் நகர்த்த வேண்டாம். கத்தியை யாரும் துடைக்கவும் வேண்டாம், அது இருக்கிறபடியே இருக்கட்டும்.

அம்மா, 6:33
யாரும் தொடவில்லை. சனிக்கிழமை எல்லோருக்கும் இங்கேதான் சாப்பாடு. காலையில் பத்து மணிக்குக் கதவு வழியாக வெளிச்சம் கட்டில் வரை வரும், சித்தப்பாவை அதற்கு முன்னால் வரச் சொல்.