குப்பி விளக்கில படிச்ச கதை: பிள்ளையளுக்கு என்ன சொல்ல?

விஞ்ஞான டீச்சர்:
கிளிநொச்சிப் பக்கம் தரம் 10, 11க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறன். பெற்றோர் கூட்டம் எண்டால் ஒரே பல்லவிதான். "நாங்கள் பங்கருக்குள்ள, குப்பி விளக்கில படிச்சனாங்கள். இதுகளுக்குக் கரண்ட் இருந்தும் ஏறுதில்லை." பிள்ளையள் தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்குதுகள். போர் உண்மையிலேயே படிக்க வைச்சதோ? அந்தக் காலத்தில படிச்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கொக்குவிலான்:
நான் 1995இல ஓ.எல். வகுப்பு. விளக்குக் கதை பொய்யில்லை, டீச்சர். பொருளாதாரத் தடை, கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்ச எண்ணெய், பஞ்சுத் திரி, சுத்தி மூண்டு பேர். தம்பி சைக்கிளைக் கவிட்டுப் போட்டுப் பெடலைச் சுத்துவான், டைனமோவில றேடியோ பாடும்.

ஆனால் என்னத்தைப் படிச்சம் எண்டும் கேக்கவேணும். பற்றரி தடைசெய்த சாமான். மின்சுற்றுப் பாடம் முழுக்க சோக்கால கீறினதுதான். கம்பியை முட்டவைச்சு பல்ப் எரிஞ்சதை ஒருக்காலும் பாக்கேல்லை. விடையைப் பாடமாக்கினம், கேள்வி கேக்கப் பழகேல்லை. சித்திரமும் சங்கீதமும் எங்களுக்கு வீண்வேலை. புள்ளி வந்தால் கம்பஸ், இல்லாட்டி வெளிநாடு, அதுவும் இல்லாட்டி இயக்கம், அதுதான் புலிகள். நாலாவது வழி ஒண்டு இருக்கெண்டு ஆரும் யோசிச்சதேயில்லை.

ஒக்டோபர் 30 எல்லாரையும் வெளிக்கிடச் சொல்லி இயக்கம் ஒலிபெருக்கியில அறிவிக்க, இரவிரவா மழைக்குள்ள நாவற்குழிப் பாலத்தால நடந்தம். தென்மராட்சியில பள்ளிக்கூடம் எல்லாம் இடம்பெயர்ந்த சனம், எங்களுக்கு வகுப்பு மரத்துக்குக் கீழ. அதோட படிப்பை விட்டவை கனபேர். அவையள் பெற்றோர் கூட்டத்தில எழும்பிக் கதைக்கிறேல்லை.

பழைய மாணவன்:
என்ன சொன்னாலும் அப்ப போன் இல்லை. படிப்பில கவனம் இருந்தது.

கொக்குவிலான்:
கவனமோ அண்ணை? 1995 செப்டெம்பர் 22 வடமராட்சி கிழக்கு நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில பொம்மர் குண்டு போட்டபிறகு எங்கட காது வாத்தியாரிட்டையே இருந்தது?

வன்னிக்காரி:
நீங்கள் விளக்கிலயாவது படிச்சனியள். 2008இல வீட்டுக்கொரு ஆள் எண்டு இயக்கம் பிடிச்சுக்கொண்டு போகேக்க அம்மா என்னைப் பள்ளிக்கூடமே விடேல்லை. என்னோட படிச்ச சில பிள்ளையளுக்கு 16, 17 வயசிலயே கலியாணம். கட்டி வைச்சால் பிடிக்கமாட்டினம் எண்ட நம்பிக்கை. 2009இல வவுனியா மெனிக் பாம் அகதி முகாமில தறப்பாளுக்குக் கீழ திரும்பக் கொப்பியைத் திறக்க, ஒரு பந்தியை முழுசா வாசிக்க ஏலாமப் போச்சு. கண் வரியில ஓடும், ஒண்டும் உள்ள போகாது. அது சரிவரக் கனகாலம் எடுத்தது.

டீச்சர், இப்ப உங்கட வகுப்பில இருக்கிற பிள்ளையளின்ர அம்மாமார் சிலபேர் அப்பிடிக் கட்டி வைச்ச பிள்ளையளா இருக்கலாம். கணக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியாது, அதைச் சொல்ல வெக்கம். அதுக்குத்தான் விளக்கைத் தூக்கிக்கொண்டு வருகினம். அவையோட வாதாடாதேங்கோ. வீட்டுப்பாடத்தைப் பள்ளிக்கூடம் முடிய அங்கயே இருந்து செய்யவிடுங்கோ. பஸ் நேரத்தை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ, உள்ளூருக்குப் பின்னேர பஸ் தவறினால் பிள்ளையள் நடக்கவேணும்.