ஒரே பெயரில் இரண்டு கொள்ளுத்தாத்தா, இலவச சோதனைக் காலமும் முடியப்போகுது: எதில் காசு போடலாம்?

கிளைதேடி:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா வழியில் குடும்ப மரம் போட்டுக்கொண்டிருக்கிறேன். தாத்தா வரை சிக்கல் இல்லை, சான்றிதழெல்லாம் கையில் இருக்கு. அவருடைய அப்பாவிடம் வந்து நின்றுவிட்டது.

ஒரு கட்டணத் தளத்தில் இலவச சோதனைக் காலத்தில் சேர்ந்தேன். சேர்ந்த உடனே அதுவாகவே ஒரு ஆளைக் காட்டியது: அதே பெயர், அதே ஊர், பிறப்பு 1891. ஒரு டஜன் பேருக்கு மேல் தங்கள் மரத்தில் அவரைத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் கொள்ளுத்தாத்தாவின் திருமணப் பதிவில் 1919-ல் வயது 25 என்று இருக்கு. கணக்குப் போட்டால் 1894 பக்கம் வருது. தேடினால் அதே ஊரில் அதே பெயரில் 1894-லும் ஒருவர் பிறந்திருக்கிறார்!

பதிவேட்டின் அசல் பக்கத்தைப் பார்க்க மேல் திட்டம் எடுக்கச் சொல்கிறது. டிஎன்ஏ கிட் (எச்சிலை அனுப்பி உறவினரைத் தேடும் சோதனை) தள்ளுபடி விளம்பரமும் விடாமல் வருது. என்னிடம் இருப்பது இரண்டில் ஒன்றுக்குத்தான் தேறும். எதை எடுக்கலாம்? சோதனைக் காலம் முடிந்தால் பணம் தானாகப் போய்விடும், அதனால் கொஞ்சம் அவசரம்.

நூலகவாசி:
முதல் வேலையாகத் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்க. பெரும்பாலான தளங்களில் நிறுத்தினாலும் மீதி நாளைப் பயன்படுத்தலாம். இருந்தாலும் அந்தத் தளத்தின் விதியை ஒருமுறை படித்துவிடுங்க. செயலி வழியாகச் சேர்ந்திருந்தால் போன் கணக்கின் சந்தாப் பட்டியலில் போய்த்தான் நிறுத்தணும், செயலியை அழித்தால் மட்டும் நிற்காது.

அடுத்து, மரத்தை ஜெட்காம் கோப்பாக இறக்கி வையுங்க. குடும்ப மரத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக 1984-ல் வந்த வடிவம், இன்றைக்கும் பெரும்பாலான குடும்ப மர மென்பொருள்கள் படிக்கும். கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் பெயர், தேதி, உறவு எல்லாம் அப்படியே வரும். படங்கள் மட்டும் பெரும்பாலும் கூட வராது, அவற்றைத் தனியாக இறக்கணும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பழையதாள்:
தம்பி, இரண்டிலும் காசு போட வேண்டாம், இப்போதைக்கு.

அந்த டஜன் மரங்களைத் திறந்து ஒவ்வொன்றிலும் ‘ஆதாரம்’ என்ற இடத்தில் என்ன இருக்குன்னு பாருங்க. முக்கால்வாசியில் இன்னொருவர் மரம்தான் ஆதாரமாக இருக்கும். ஒருவர் தப்பாகப் போட, மற்றவர்கள் பட்டனைத் தட்டித் தங்கள் மரத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள். அது டஜன் சாட்சி இல்லை, ஒரே சாட்சி டஜன் தடவை பேசுகிறது.

வயதை வைத்தும் முடிவு செய்யாதீங்க. பழைய பதிவில் வயது என்பது எழுதுபவர் கேட்டு, சொல்பவர் தோராயமாகச் சொன்னது. இரண்டு மூன்று வருஷம் முன்பின் இருப்பது சகஜம். ஆளைப் பிரித்துக் காட்டுவது அவரைச் சுற்றி இருந்தவர்கள்தான். திருமணப் பதிவில் அப்பா பெயர், தொழில், சாட்சிக் கையெழுத்து, வீட்டு முகவரி, எல்லாவற்றையும் எழுதி வையுங்க. சாட்சி போட்டவர் பெரும்பாலும் அண்ணனாகவோ மைத்துனராகவோ இருப்பார். அவரைத் துரத்தினால் பல சமயம் நம்ம ஆளே வந்து நிற்பார்.

அசல் பக்கத்துக்கு ஃபேமிலிசர்ச் என்ற தளத்துக்குப் போங்க. கணக்கு இலவசம். 1938-லிருந்து உலகம் முழுக்கப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் எடுத்தவர்கள். 24 லட்சம் சுருளுக்கு மேல் இருந்ததை 2021-ல் டிஜிட்டலாக்கி முடித்தார்கள். பெயரைத் தட்டித் தேடி ஒன்றும் வரவில்லை என்றால் ‘இல்லை’ என்று முடிவு கட்டாதீங்க. நிறையப் பக்கங்களுக்கு இன்னும் பெயர் அட்டவணை போடவில்லை. கேட்டலாக் பகுதியில் ஊர் பெயரைக் கொடுத்து, பதிவேட்டைத் திறந்து, பக்கம் பக்கமாகப் புரட்டணும். கேமரா சின்னத்தின் மேல் சாவி இருந்தால் அதை வீட்டிலிருந்து பார்க்க முடியாது. பெரும்பாலும் அவர்களுடைய மையத்திலோ இணைப்பு நூலகத்திலோ உட்கார்ந்து பார்க்கலாம், அதுவும் இலவசம்.

இரண்டு குழந்தைக்கும் பெற்றோர் பெயர் என்ன?

சங்கிலி_எக்ஸ்:
டிஎன்ஏ-வை அப்படி ஒரேயடியாகத் தள்ளாதீங்க ஐயா. எனக்கு ஒரு கிளையே அதில்தான் கிடைத்தது. கொள்ளுத்தாத்தாவிடமிருந்து சராசரியாக 12.5% வருது, கொஞ்சநஞ்சம் இல்லையே.

பழையதாள்:
தள்ளவில்லை, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது என்கிறேன். இரண்டு பேரில் யார் என்று தெரியணும்னா, இருவர் வழியில் வந்தவர்களும் சோதனை செய்து அதே தளத்தில் இருக்கணும். அப்படி யாராவது இருக்காங்கன்னு தெரியுமா? கொள்ளுத்தாத்தாவின் அப்பா வரை போனால்தான் ஒன்றுசேரும் பங்காளிகளில் பத்தில் ஒருவருக்கு நம்மோடு ஒத்துப்போகும் டிஎன்ஏ எதுவுமே தென்படாமல் போகும், அதற்கும் ஒரு தலைமுறை மேலே ஒன்றுசேர்பவர்களில் அது பாதிக்குப் பாதி. இன்னொன்று, கொடுத்த எச்சிலைத் திரும்ப வாங்க முடியாது. 23ஆண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்தில் 2023-ல் 69 லட்சம் பேர் தகவல் வெளியே போச்சு, 2025 மார்ச்சில் திவால் மனுவும் போட்டார்கள். நம்ம எச்சிலில் சித்தப்பா பிள்ளைகள் தகவலும் சேர்ந்துதான் இருக்கு, அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்கணும்.

சங்கிலி_எக்ஸ்:
பங்காளிகள் சோதனை செய்திருக்கணும் என்பது சரிதான். ஒப்புக்கொள்கிறேன். தகவல் விஷயத்தில் நீங்கள் ரொம்பப் பயப்படுகிறீர்கள்.

கிளைதேடி:
புதுப்பிப்பை நிறுத்திவிட்டேன். ஐயா, இப்போதுதான் கவனித்தேன்: இரண்டு பிறப்புப் பதிவிலும் அப்பா, அம்மா பெயர் ஒன்றேதான்! தொழிலும் தச்சு வேலை என்றே இருக்கு. அட்டவணை போட்டவர்கள் ஒரே பதிவை இரண்டு தடவை ஏற்றிவிட்டார்களோ?

பழையதாள்:
தேதியும் மாதமும் வேறாக இருந்தால் அது ஒரே பதிவு இல்லை. இறப்புப் பதிவேட்டை எடுங்க. 1891-லிருந்து 1894 வரை, குழந்தைகள் இறப்பை மட்டும் பாருங்க. மூத்தது தவறிப்போனால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது பல நாடுகளில் நடந்ததுதான். தேடும்போது 1, 7 இரண்டையும் ஜாக்கிரதையாகப் படிங்க. அதே எழுத்தர் அதே பக்கத்தில் வேறு இடத்தில் 7 எப்படிப் போட்டிருக்கிறார் என்று ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மை மங்கியிருந்தால் படத்தை இறக்கி நிறத்தைத் தலைகீழாக மாற்றுங்க, கறுப்பில் வெள்ளையாகச் சில கோடுகள் தெளிந்து வரும்.

கிளைதேடி:
கிடைத்துவிட்டது ஐயா!! 1892 பதிவேடு, அட்டவணை இல்லாத பக்கம். அதே பெயர், அதே பெற்றோர், வயது 9 மாதம். முதலில் ‘9’ என்பதை வருஷம் என்று படித்துத் தாண்டிப் போகப் பார்த்தேன், பக்கத்துக் கட்டத்தில் ‘மாதம்’ என்பதன் சுருக்கம் இருந்தது. அதனால் 1894 பிள்ளைதான் எங்கள் கொள்ளுத்தாத்தா. மற்றவர்கள் மரத்தில் இருப்பது அவருடைய அண்ணன்.

அப்படியானால் 1891 ஆளை என் மரத்திலிருந்து அழித்துவிடவா?

பழையதாள்:
அழிக்காதீங்க. அவரும் குடும்பம்தானே. அதோடு, அழித்தால் தளம் அடுத்த மாதமே அதே ஆளைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தும். இரண்டு பேரையும் தனித்தனியாக, அண்ணன் தம்பியாகப் போடுங்க. மூத்தவருக்கு 1892 இறப்பைச் சேர்த்து, பதிவேட்டின் பெயர், பக்க எண், படத்தின் எண் மூன்றையும் குறிப்பில் எழுதுங்க. வெறும் இணைப்பு போதாது, இணைப்பு மாறிப்போகும்.

நூலகவாசி:
அந்த டஜன் பேரில் யாராவது இன்னும் தளத்தில் நடமாடினால் பக்கத்தின் படத்தை அனுப்பிவிடுங்க. பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள். போடுகிறவரிடம் பழைய போட்டோ ஏதாவது இருக்கான்னு அப்படியே கேட்டு வையுங்க.