மதுரை 2 நாள், கிராமம் 3 நாள், 11 பேர்: உதவி தேவை (அவசரம்)

வடபழனிவாசி:
வணக்கம். குடும்பத்தோடு மதுரையில் 2 நாள், அப்புறம் கிராமத்தில் 3 நாள் என்று போட்டிருக்கிறோம். மொத்தம் 11 பேர். கேள்வி இரண்டுதான். வேன் ஒன்றா, கார் இரண்டா? கிராமத்தில் பழைய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்குவதா, மதுரையிலேயே தங்கித் தினமும் போய் வருவதா? வீட்டுக்காரர் நாளைக்குள் முன்பணம் கேட்கிறார். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மாசிவீதி:
எந்த மாதம்? எங்கிருந்து வருகிறீர்கள்? எந்தக் கிராமம்? மதுரையைச் சுற்றி நாலா பக்கமும் கிராமம்தான். 11 பேரில் வயதானவர்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை? இதெல்லாம் தெரியாமல் வேனா காரா என்று எப்படிச் சொல்வது?

ரயில்பித்தன்:
வண்டியைப் பிறகு பார்க்கலாம், முதலில் ரயில். இப்போது முன்பதிவு 60 நாள்தான். 2024 நவம்பரிலிருந்து அப்படித்தான், பழைய 120 நாள் கணக்கில் இருந்துவிடாதீர்கள். ஒரு டிக்கெட்டில் 6 பேருக்கு மேல் போட முடியாது, ஆக உங்களுக்கு இரண்டு டிக்கெட்டாவது வேண்டும். தேதி சொன்னால் எந்த ரயில் என்று சொல்கிறேன்.

நெடும்பயணி:
இங்கே பத்து ஆண்டாக எழுதுகிறேன். மாதம் ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார். கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடிப் படிப்பது குறைந்தபட்ச மரியாதை. பதில் எளிது: மூத்தவர்களோடு போகும்போது ஊர் மாற்றித் தங்கவே கூடாது. மதுரையில் ஒரே விடுதி, ஐந்து இரவும் அங்கேதான். இது அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும்.

கம்பத்துக்காரன்:
கிராமம் பார்க்கத்தானே ஆசை? கம்பம் பள்ளத்தாக்குக்குப் போங்கள். வயல், திராட்சைத் தோட்டம், சுருளி அருவி எல்லாம் ஒரே பக்கம். பிள்ளைகளுக்குப் பச்சையைக் காட்டுங்கள் சார்.

வடபழனிவாசி:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். சென்னையிலிருந்து. டிசம்பர் 24 கிளம்பி 29 திரும்புகிறோம். அப்பத்தா, அப்பா, அம்மா, நாங்கள் இருவர், தங்கையும் அவர் கணவரும், பிள்ளைகள் நாலு. கடைக்குட்டிக்குப் பத்து மாதம். கிராமம் காரைக்குடி பக்கம்.

மாசிவீதி:
அப்பத்தாவுக்கு என்ன வயது, எவ்வளவு தூரம் நடப்பார்கள்?

வடபழனிவாசி:
79. ஒரு முழங்கால் மாற்று அறுவை ஆகியிருக்கிறது. கோல் பிடித்து நடப்பார், படி கஷ்டம். சர்க்கரையும் இருக்கிறது.

மாசிவீதி:
தம்பி, இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். எனக்கு இந்த ஊர்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டி விடமாட்டார்கள். இறங்கியதிலிருந்து சன்னதிவரை நடை, உள்ளேயும் நடை. மடக்கு சக்கர நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கூடவே கொண்டு வாருங்கள். நீங்கள் வருவது மார்கழி. ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் அரையாண்டு விடுமுறைக் கூட்டமும் சேர்ந்து நிற்கும். 25ஆம் தேதி காலையைத் தவிர்த்துவிடுங்கள். பகலில் நடை சாத்தினால் மாலைதான் திறப்பார்கள், மார்கழியில் நேரமும் மாறும். எனவே மதியம் எல்லோரும் அறையில் படுத்து எழுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பத்தாவுக்கும் கைக்குழந்தைக்கும் அதுதான் நல்லது.

இன்னொன்று, பலர் மறப்பது: 2018-க்குப் பிறகு கோயிலுக்குள் கைபேசி கிடையாது. 11 பேர் உள்ளே போய்ப் பிரிந்துவிட்டால் ஒருவரை ஒருவர் கூப்பிட முடியாது. உள்ளே போகும் முன்பே, பிரிந்தால் எந்த வாசலில், எத்தனை மணிக்குச் சேர்வது என்று பிள்ளைகள் உட்பட எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவை பெரியப்பாவைத் தேடி ஒரு மணி நேரம் அலைந்தோம்.

ரயில்பித்தன்:
24 என்றால் டிக்கெட் அக்டோபர் 25 காலை 8 மணிக்குத் திறக்கும். இரவு பாண்டியனில் போனால் விடிவதற்குள் மதுரை, ஆனால் விடுதியில் அறை பெரும்பாலும் 12 மணிக்குத்தான் தருவார்கள். பத்து மாதக் குழந்தையோடு வரவேற்பறையில் உட்கார வேண்டிவரும். காலையில் சென்னையில் கிளம்பும் தேஜஸ் மதியம் கொண்டுபோய்விடும், அதுதான் தோது. வாரத்தில் ஒரு நாள் ஓடாது, தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்ப மதுரைக்கு வராதீர்கள். காரைக்குடியிலேயே ஏறுங்கள். அதிகாலை பல்லவன் இருக்கிறது, ராமேஸ்வரத்திலிருந்து வரும் இரவு ரயிலும் இருக்கிறது. இரவு ரயில் என்றால் அப்பத்தாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தனி டிக்கெட் போடுங்கள். மூத்தோர் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு தனியாகவோ இருவராகவோ போட்டால்தான் கிடைக்கும். ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது. ஆறு பேரோடு சேர்த்துப் போட்டால் அந்த ஒதுக்கீடு வராது. கட்டணச் சலுகை 2020-லேயே போய்விட்டது, இந்த ஒதுக்கீட்டையாவது விடாதீர்கள்.

நெடும்பயணி:
மதுரை – காரைக்குடி 90 கிலோமீட்டருக்குள். மேலூர், திருப்பத்தூர் வழியாக இரண்டு மணி நேரம். எதற்குப் பெட்டி தூக்க வேண்டும்? நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

கோட்டையூர்க்காரி:
நான் மறுக்கிறேன். போக இரண்டு, வர இரண்டு, மூன்று நாளும் அப்படி என்றால் 12 மணி நேரம் முழங்காலை மடக்கி வண்டியிலேயே இருக்க வேண்டும். ஒரு தடவை பெட்டி மாற்றுவது அதைவிட எளிது.

ஆனால் பழைய வீடு என்றதும் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். எங்கள் பக்கத்து வீடுகள் தெருவைவிட உயரத்தில் இருக்கும். வாசலில் நாலைந்து படி, முகப்பு தாண்டி வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள், போகும்போது உயரமான நிலைப்படி. பகலில் பார்க்க அழகு, இரவில் எழுந்து போகிறவருக்கு ஆபத்து. வீட்டுக்காரரிடம் இதைக் கேளுங்கள்: கீழ்த்தளத்தில் அறை உண்டா, அறையை ஒட்டியே குளியலறை உண்டா, மேல்நாட்டுக் கழிப்பறையா, வாசலில் கைப்பிடி உண்டா. அலைபேசியில் காணொளி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாதவரிடம் பணம் கட்ட வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை தண்ணீர் பட்டால் வழுக்கும், ரப்பர் விரிப்பு ஒன்று எடுத்து வாருங்கள்.

சாப்பாட்டை முதல் நாளே சொல்லிவிடுங்கள், இங்கே சொன்ன பிறகுதான் சமைப்பார்கள். அப்பத்தாவுக்கு நேரத்துக்கு எண்ணெய் குறைவாக வேண்டும் என்று சொன்னால் தனியாகச் செய்வார்கள்.

எந்த ஊர்?

பெங்களூர்த் தம்பி:
12 இருக்கை டெம்போ டிராவலரில் 11 பேரும் உட்காரலாம், பெட்டிகளுக்கு இடமிராது. 17 இருக்கை எடுங்கள். ஏறும் படி உயரம், ஒரு குட்டி முக்காலி வைத்துக்கொண்டால் போதும். இரண்டு கார் என்றால் ஒன்று முன்னே போய்விடும், ஒன்று டீக்கடையில் நிற்கும், நாள் முழுக்கத் தேடுவதுதான் வேலை.

கம்பத்துக்காரன்:
காரைக்குடி கிராமமே இல்லை. 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்குப் போவதற்கு ஐந்து நாளா?

கோட்டையூர்க்காரி:
காரைக்குடி மாநகராட்சிதான். சுற்றியுள்ள ஊர்களில் வந்து பாருங்கள், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் சத்தமே இருக்காது. வயல் இருந்தால்தான் கிராமமா? இது செம்மண் பூமி, ஊருணியை நம்பி வாழ்ந்த பூமி. டிசம்பரில் மழை நின்று ஊருணி நிறைந்திருக்கும்.

கம்பத்துக்காரன்:
பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, மீதி சுற்றுலா விடுதி. பிள்ளைகள் மாடு கன்று, உழவு பார்க்க வேண்டாமா?

கோட்டையூர்க்காரி:
பூட்டிக் கிடக்கிறது என்பது உண்மைதான், எங்களுக்கும் வருத்தம்தான். ஆனால் அந்தத் தெருக்களில் நாங்கள் குடியிருக்கிறோம். ஆடு மாடும் இருக்கிறது, பள்ளிக்கூடமும் இருக்கிறது. பணக்கார வீட்டுத் தூணை மட்டும் படம் எடுத்துப் போகிறவர்கள் எங்களைப் பார்ப்பதில்லை.

நெடும்பயணி:
இழை திசைமாறுகிறது.

மாசிவீதி:
தம்பி, ஏன் காரைக்குடி பக்கம் என்று முடிவு செய்தீர்கள்? அதைச் சொன்னால் இந்தச் சண்டை முடியும்.

வடபழனிவாசி:
அப்பத்தா பிறந்தது பள்ளத்தூர். முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது அங்கே போய். சொந்தக்காரர் யாரும் இப்போது அங்கே இல்லை. ஊருணியையும் தான் படித்த பள்ளிக்கூடத்தையும் பார்க்க வேண்டும் என்கிறார்.

கம்பத்துக்காரன்:
அப்படியென்றால் கம்பம் பேச்சை விடுங்கள். அவரை அங்கேதான் கூட்டிப்போக வேண்டும்.

கோட்டையூர்க்காரி:
பள்ளத்தூரா! எங்களுக்குப் பக்கத்து ஊர். அப்படியானால் திட்டத்தையே திருப்பிப் போடுங்கள். கடைசி நாளில் வைக்காதீர்கள், அதற்குள் களைத்துப்போவார். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை வெயில் ஏறும் முன் ஊருக்குள், அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம். அவர் எங்கே நிற்கச் சொல்கிறாரோ அங்கே வண்டி நிற்கட்டும். பெரிய பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், அவர் சொல்வதைக் கேட்கட்டும்.

மற்ற நாளில் பிரிந்து போகலாம். திருமயம் கோட்டைப் பாறையில் பிள்ளைகளும் மாமாவும் ஏறட்டும், 1687-ல் சேதுபதி கட்டியது. பெரியவர்கள் கீழே குடைவரைக் கோயில்களில் இருக்கலாம். மதியம் நடை சாத்தும், காலையிலேயே போங்கள். பிள்ளையார்பட்டிக்கு மலை ஏற வேண்டாம், வரும் வழியிலேயே முடித்துவிடலாம். குன்றக்குடியில் படி உண்டு, அப்பத்தாவுக்கு வேண்டாம். குட்டிப் பிள்ளைகளுக்கு ஆத்தங்குடியில் கல் செய்வதைக் காட்டுங்கள். கண்ணாடி மேல் வண்ணத்தை ஊற்றிக் கையாலேயே செய்வார்கள், ஆசையாகப் பார்ப்பார்கள்.

மாசிவீதி:
மதுரையில் குறைத்துக்கொள்ளுங்கள். கோயில், ஒரு மாலை ஜிகர்தண்டா, போதும். பெரிய பையனுக்கு வேண்டுமானால் கீழடி அருங்காட்சியகம், 12 கிலோமீட்டர்தான். 2023-ல் திறந்தது, செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள்.

வடபழனிவாசி:
மிக்க நன்றி. வீட்டுக்காரரிடம் காணொளி கேட்டேன், குளியலறை மாடியில் என்று இப்போதுதான் சொல்கிறார். பணம் கட்டவில்லை. வேறு வீடு பார்க்கிறோம்.

ரயில்பித்தன்:
அக்டோபர் 25, காலை 8. மறக்காதீர்கள்.

பெங்களூர்த் தம்பி:
என்ன ஆயிற்று? கிடைத்ததா?

(ஜனவரி 4)

வடபழனிவாசி:
தாமதத்துக்கு மன்னிக்கவும், ஊர் திரும்பியதும் குழந்தைக்குச் சளி. எல்லாம் நல்லபடி முடிந்தது. 17 இருக்கை வேன், கானாடுகாத்தானில் கீழ்த்தள அறையோடு வீடு. பள்ளத்தூரில் அப்பத்தா ஊருணிப் படியில் முக்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த வழியே வந்த ஒரு பாட்டி அப்பத்தாவின் அண்ணன் பெயரைச் சொல்லிக் கேட்டார். திருமயம் போகவில்லை, மறுநாளும் அதே ஊருணிக்குத்தான் போனோம்.

கோட்டையூர்க்காரி:
அந்தப் பாட்டி எந்தத் தெரு என்று அப்பத்தாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். எங்கள் வீட்டிலும் கேட்கிறார்கள்.