கரிகாலனைக் கொன்றவன் பெயரைக் கல்கி சொல்லியிருக்க வேண்டாமா?

குன்னூர் வாசகர்:
தாம் படித்த வெகுஜன நாவல்களை வரிசைப்படுத்திய கொடைக்கானல் நண்பர், ‘பொன்னியின் செல்வனை’ முதலிடத்தில் வைத்து, அதற்கு இணையான மர்மக் கதை தமிழில் இல்லை என்று நேற்று எழுதியிருந்தார். சரித்திரக் கதை என்று நிறுத்தியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். கடம்பூர் மாளிகையில் சோழ பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் செத்து விழுகிறான், விளக்கு அணைகிறது, ஐந்து பாகம் முடிந்தும் கொன்றவர் யார் என்பது உறுதியாகத் தெரிவதில்லை. ராஜேஷ்குமாரின் மாத நாவல்கூடக் கொலையாளியைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் முடியும். அந்த நேர்மையைக் கல்கியிடம் எதிர்பார்ப்பது தவறா?

கொடைக்கானல்காரர்:
மாத நாவலையும் கல்கியையும் ஒரே தராசில் வைப்பவரிடம் என்ன பேசுவது? குறுக்கெழுத்துப் புதிருக்கு விடை தேடுகிறவர் நாவல் படிக்கவே வேண்டாம்.

கோத்தகிரி ஆசிரியை:
குன்னூர் ஐயாவுக்கு நான் பதில் சொல்கிறேன். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த அந்தத் தொடரை, மணியம் வரைந்த படங்களோடு கிழித்துத் தைத்து என் தந்தையார் பைண்டு செய்து வைத்தார். எங்கள் ஊர் ஈரத்தில் பூசணம் ஏறி ஓரமெல்லாம் கறுத்துப் போன அந்தத் தாள்களை, மழைக்காலம் முடிந்ததும் வெயிலில் விரித்து, ஒவ்வொரு முறையும் கடம்பூர் அத்தியாயங்களை நின்றபடியே படித்துவிடுவேன். கொலையாளியின் பெயர் இல்லை என்பது எனக்கு ஒரு நாளும் குறையாகப் பட்டதில்லை. பழி கதாநாயகன் வந்தியத்தேவன் மீது விழுகிறது, அவனைக் காப்பாற்ற, அவனை நேசிக்கும் கடம்பூர் மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள், பெரிய பழுவேட்டரையரும் பழியைத் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். செய்தவர் யார் என்பதைக் காட்டிலும், பழியை ஏற்க யார் யார் முன்வருகிறார்கள் என்பதில்தானே அந்தப் பகுதியின் உயிரே இருக்கிறது!

குன்னூர் வாசகர்:
உருக்கமாக எழுதுகிறீர்கள், அம்மா. கேள்விக்கு மட்டும் விடை இல்லை. உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கல்லே சொல்லிவிட்டதைக் கதாசிரியர் ஏன் மறைத்தார்?

கோத்தகிரி ஆசிரியை:
அந்தக் கல்வெட்டு இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று அவர்களைக் குறித்து, அவர்களுடைய உறவினரின் சொத்துகளும் பறிக்கப்பட்டதைச் சொல்கிறதே தவிர, கத்தி எவர் கையில் இருந்தது, பின்னால் நின்று தூண்டியவர் எவர் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. வரலாற்றறிஞர்களே இன்றும் ஒத்துப்போகாத இடத்தில் கல்கி மட்டும் தீர்ப்பு எழுத வேண்டுமா? போகட்டும், நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ மட்டும் சந்தேகத்தை முழுதாகத் தீர்க்கிறதா? வக்கீல் கணேஷ் அறிவியல் விளக்கம் தேடுகிறான், அவன் உதவியாளன் வசந்த் பேய் என்கிறான். அங்கே ரசித்த மயக்கம் இங்கே மட்டும் ஏன் கசக்கிறது?

குன்னூர் வாசகர்:
சுஜாதாவை இழுக்க வேண்டாம். 2021-இல் நடப்பதாக ‘என் இனிய இயந்திரா’வை எழுதி, ஜீனோ என்ற இயந்திர நாய்க்காக நம்மைக் கண்கலங்க வைத்தவர் அவர். ரவிதாசனைச் சதிகாரனாகவே நாவலுக்குள் கொண்டுவந்த கல்கிக்கு, அவன்தான் கொன்றான் என்று ஒரு வரி எழுத என்ன தடை?

கொடைக்கானல்காரர்:
கொலையை விட்டு மலைக்கு வாருங்கள். நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலரில்’ நாயகி பூரணி எங்கள் கொடைக்கானலுக்கு வருகிறாள். அதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தார்கள். உதகைக்கு அப்படி ஒரு நாவல் உண்டா?

கோத்தகிரி ஆசிரியை:
இதைத்தான் நான் பொறுக்க மாட்டேன். ராஜம் கிருஷ்ணன் நீலகிரியில் வாழ்ந்து, படகர் குடும்பங்களின் வாழ்வை ‘குறிஞ்சித்தேன்’ என்று எழுதினார். மலை உங்கள் நாவலில் கதைமாந்தர் வந்து போகும் இடம், எங்கள் நாவலில் அவர்கள் பிறந்து உழுது வாழும் நிலம். உங்கள் பட்டியலில் அதற்கு இடமில்லை என்பதை நேற்றே கவனித்தேன். சென்ற பட்டியலிலும் அதை விட்டீர்கள், கேட்டதற்குப் பதிலும் தரவில்லை.

கொடைக்கானல்காரர்:
நான் எழுதியது பிரபலமான நாவல்களின் பட்டியல், அம்மா. ‘குறிஞ்சித்தேன்’ எத்தனை வீடுகளில் இருக்கிறது?

கோத்தகிரி ஆசிரியை:
என் வீட்டில் இருக்கிறது, என்னிடம் படித்த பிள்ளைகள் வீடுகளிலும் இருக்கிறது. குன்னூர் ஐயாவும் கேட்டுக்கொள்ளட்டும்: தொடர் முடிந்தபோதே வாசகர்கள் கேள்வி கேட்டுக் குவித்தார்கள், கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். அதை முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

குன்னூர் வாசகர்:
படித்தவன்தான் கேட்கிறேன். முடிவுரை எழுத இடமிருந்தவருக்குக் கொலையாளியின் பெயரை எழுத இடமில்லையா?